விமான மைலும் நம் வீட்டுக் கணக்கும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். விமான மைல் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். காரணம் உங்களுக்கே தெரியும். நம் குடியிருப்பில் பாதி வீட்டில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. பேறுகாலம், பேரனின் காதுகுத்து, புது வீடு என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது மதுரை அல்லது திருச்சி விமான நிலையத்துக்குப் போகிறோம். இரண்டு பேர் போய் வர ஆகும் டிக்கெட் செலவு, ஓய்வூதியக்காரருக்குச் சின்னத் தொகை இல்லை. அந்தச் சமயம் பார்த்து மாலிலும் பெட்ரோல் பங்கிலும் ஒரு தம்பி வந்து நிற்கிறார். "சார், இந்த கார்டு வாங்குங்க, ஃப்ரீயா ஃப்ளைட்ல போகலாம்" என்கிறார்.

நம்மில் பலர் கார்டு என்றதும் ஒதுங்கிப் போகிறோம். அது பத்தாம்பசலித்தனம் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்தத் தயக்கத்தில் நல்ல கணக்கு இருக்கிறது. ஆனால் கார்டு வேண்டாம் என்பதற்காக மைலையும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறோமே, அங்கேதான் கைக்கு வந்ததை நழுவ விடுகிறோம்.

முதலில் வட்டி. திண்டுக்கல்காரர்களுக்கு வட்டியைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு வட்டி, மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்று சின்னப் பையனும் சொல்வான். 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்தார்கள். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் பல வங்கிகள் போடுவது மாதம் மூன்றரை வட்டி, சில கார்டுகளில் அதற்கும் மேல். வருடத்துக்கு 42 சதவீதம். தெருவில் யாராவது இந்த வட்டிக்குக் கொடுத்தால் அவர் வீட்டுப் பக்கமே போக மாட்டோம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. அதனால் இப்போது அந்த உச்சவரம்பும் கிடையாது.

ஒரு லட்ச ரூபாய்க்கு டிக்கெட்டை கார்டில் போட்டீர்கள் என்று வையுங்கள். நூறு ரூபாய்க்கு இரண்டு மைல் என்று தாராளமாகவே கணக்குப் போட்டால் 2,000 மைல். ஒரு மைல் ஒரு ரூபாய் பெறும் என்று அதையும் தாராளமாக வைத்தால் 2,000 ரூபாய். பில் வந்தது. 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருக்கும் 5,000 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டீர்கள். மீதி 95,000-க்கு மூன்றரை வட்டி 3,325 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக ஒரே மாதத்தில் 3,900 ரூபாய்க்கு மேல் போயிற்று. போதாததற்கு, பாக்கி இருக்கும்வரை அடுத்து வாங்கும் மளிகைச் சாமானுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். இனாமாக வந்த மைலுக்கு இதுதான் விலை.

வாங்கித்தான் தீருவேன் என்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. வைப்புத்தொகையை ஈடாக வைத்துச் சிறிய வரம்பில் தரும் கார்டு பல வங்கிகளில் உண்டு, அது போதும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் வசதி வைக்கும்போது 'மொத்த நிலுவை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் 'குறைந்தபட்சத் தொகை'யைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பணம்தான் மாதாமாதம் போகிறதே என்று நம்பியிருப்பார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால், ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி பாக்கி இல்லாத கார்டை, எழுதிக் கொடுத்த ஏழு வேலை நாட்களில் மூடித்தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கேட்காமலே கார்டு அனுப்புவதும் அதே விதியில் தடை.

இனி மைல். இது கார்டோடு பிறந்தது இல்லை. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் வாடிக்கையாளர்களைத் தக்கவைத்துக்கொள்ள ஆரம்பித்தது. பறந்த தூரத்தைக் கணக்கில் எழுதி, சேர்ந்ததும் டிக்கெட் கொடுத்தார்கள். நம் ஏர் இந்தியா 1994-இல் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' தொடங்கியது, இப்போது அதற்கு 'மகாராஜா கிளப்' என்று பெயர். இண்டிகோ வெகுகாலம் இதெல்லாம் வேண்டாம் என்று இருந்துவிட்டு 2024-இல் 'ப்ளூசிப்' கொண்டுவந்தது. கார்டு கம்பெனிகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

கார்டே இல்லாமல் மைல் சேர்த்ததில் பெரிய ஆள் கலிபோர்னியாவில் ஒரு பொறியாளர், டேவிட் ஃபிலிப்ஸ். 1999-இல் ஓர் உணவுக் கம்பெனி, பொட்டலத்தின் பார்கோடுகளை வெட்டி அனுப்பினால் மைல் தருவதாக அறிவித்தது. அதே கம்பெனியின் புட்டிங் கிண்ணம் ஒரு கடையில் 25 சென்ட்டுக்குக் கிடைப்பதை மனிதர் கண்டுபிடித்துவிட்டார். 12,150 கிண்ணம் வாங்கினார். செலவு மூவாயிரத்துச் சொச்சம் டாலர், கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைல். அத்தனை லேபிளையும் யார் கிழிப்பது? சால்வேஷன் ஆர்மி தொண்டர்களைக் கிழித்துக் கொடுக்கச் சொல்லி, புட்டிங்கை அவர்களுக்கே தானம் செய்துவிட்டார். நம் ஊரில் அப்படி ஒரு சலுகையை நான் பார்த்ததில்லை. இங்கே கார்டு இல்லாதவருக்கு இருக்கும் ஒரே நம்பகமான வழி, எப்படியும் போகப் போகிற பயணத்தை ஒழுங்காகக் கணக்கில் ஏற்றுவதுதான். அதைத்தான் நாம் செய்வதில்லை.

உறுப்பினராகக் கட்டணம் இல்லை. கைப்பேசியிலேயே பத்து நிமிட வேலை. ஆனால் கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, தனித்தனியாக வேண்டும். அப்பா எண்ணில் அம்மாவின் பயணம் ஏறாது. மடியில் உட்கார்ந்து போகும் கைக்குழந்தைக்குப் பொதுவாகக் கிடையாது. இரண்டு வயது தாண்டி, தனி இருக்கை வாங்கிவிட்டால் குழந்தையின் பெயரிலும் பல நிறுவனங்களில் சேர்க்கலாம்.

இங்கே நம் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை, இனிஷியல். ரேஷன் கார்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் முன்னாலோ பின்னாலோ. டிக்கெட்டில் இருக்கும் பெயரும் உறுப்பினர் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் மைல் ஏறாது. ஆகவே பாஸ்போர்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பதிவு செய்யுங்கள். டிக்கெட் போடும்போதே எண்ணைக் கொடுங்கள். டிராவல்ஸ்காரர் தானாகக் கேட்க மாட்டார். போர்டிங் பாஸைத் திரும்பி வந்ததும் குப்பையில் போட வேண்டாம், சில மாதத்தில் அந்தத் தாளில் எழுத்தும் மங்கிவிடும், அதனால் கையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மைல் ஏறவில்லை என்றால் அதைக் காட்டித்தான் கேட்க முடியும். அதற்கும் சில மாதம்தான் அவகாசம்.

பத்து நிறுவனத்தில் பத்து கணக்கு வைத்தால் எதிலும் ஒன்றும் தேறாது. பிள்ளை எந்த ஊரில் இருக்கிறதோ அதற்கேற்ற ஒன்றைப் பிடியுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளை நிறுவனம். அந்தப் பயணத்துக்கு 'கிரிஸ்ஃப்ளையர்' கணக்கில் மைல் கிடைக்கும். ஏர் இந்தியா 2014-இல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட் எல்லாம் அதில் உண்டு. ஒரு மகள் சிங்கப்பூரில், ஒரு மகன் அமெரிக்காவில் என்றால் இரண்டு பயணத்தையும் ஒரே கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. மிக மலிவான டிக்கெட்டுக்குப் பாதி மைல், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காக விலை கூடிய டிக்கெட் வாங்குவது, கொசுறுக்கு ஆசைப்பட்டு வேண்டாத காயை வாங்குவது மாதிரி.

கார்டுக்குப் பயப்படும் பெற்றோருக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கார்டு வைத்திருக்கிறார்கள், மாதாமாதம் முழுசாகக் கட்டவும் செய்கிறார்கள், மைலும் சேர்கிறது. கிரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேர் வரை பெயர் கொடுத்து வைத்து அவர்களுக்குத் தன் மைலில் டிக்கெட் எடுக்கலாம். எமிரேட்ஸில் குடும்பத்தார் மைலை ஒரே பானையில் போட்டு வைக்கும் வசதி உண்டு. பிள்ளையிடம் கேட்க நமக்குக் கூச்சம், நமக்கு இது தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கேட்டுவிடுங்கள்.

சேர்த்ததைச் செலவழிக்கும் இடத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மைலுக்கு ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. மே விடுமுறையிலும் பொங்கலுக்கும் கிடைப்பது கஷ்டம். ஓய்வு பெற்றவர்களுக்குத் தேதி ஒரு பொருட்டில்லையே! பிப்ரவரியிலும் ஜூலையிலும் தேடுங்கள். வரியும் விமான நிலையக் கட்டணமும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். சில நிறுவனங்களில் அதுவே பெருந்தொகை. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, சாதாரண டிக்கெட் விலையோடு ஒப்பிட்டுவிட்டு எடுங்கள்.

மைலைச் சேமிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். 2012-இல் கிங்ஃபிஷர் நின்றபோது அதன் 'கிங் கிளப்' மைலும் கூடவே போயிற்று. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது, மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் வேறு பெயரில் பிழைத்தது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது மைல் அங்கே மாறியது. இவற்றில் எது நடக்கும் என்பது நம் கையில் இல்லை. கம்பெனி நன்றாக நடந்தாலும் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம்தான். பேரன் கல்யாணத்துக்கு என்று பூட்டி வைக்கிற பொருள் இல்லை இது.

இன்னொன்று. "உங்கள் ரிவார்ட் பாயிண்ட் இன்று இரவு காலாவதியாகிறது" என்று குறுஞ்செய்தி வரும், கூடவே ஒரு லிங்க் அல்லது தரவிறக்கச் சொல்லி ஒரு ஆப். தொட வேண்டாம். கார்டே இல்லாதவருக்கும் அது வருகிறது என்பதிலிருந்தே லட்சணம் தெரியும். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மா கேட்டார், மைலில் எடுத்த டிக்கெட் என்றால் சக்கர நாற்காலி தருவார்களா என்று. தருவார்கள். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கு உள்ள உதவி இதற்கும் உண்டு. பதிவு செய்யும்போதே கேட்டு டிக்கெட்டில் குறிக்கச் சொல்லுங்கள், அல்லது இரண்டு நாள் முன்னதாகவாவது விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். உறுப்பினர் பதிவுக்கு உதவி வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க அறைக்குப் பாஸ்போர்ட்டோடு வாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும், என்னிடமும் சொல்லக் கூடாது.