மட்டையா? மைக்கா?

அறிவிற் சிறந்த நடுவர் அவர்களே! வெடிச் சத்தத்துக்கு அஞ்சாத விருதுநகர்ப் பெருமக்களே!

‘விளையாட்டு வீரர் நம் நெஞ்சில் நிற்பது ஆட்டத்தாலா, பேச்சாலா?’ இதுதானே தலைப்பு? பேச்சாலே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு ஒரே சாட்சி போதும். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த்! (கைதட்டல்)

எதிரணித் தம்பி இப்போதே துள்ளுகிறார். “ஐயா, 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம். ஆண்டி ராபர்ட்ஸ் போட்ட பந்தை முட்டி போட்டு அடித்தாரே, அது ஆட்டமில்லையா?” என்பார். ஆட்டந்தான் தம்பி. இந்தியா எடுத்தது 183. அதிலே ஸ்ரீகாந்த் 38. அந்த இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் சேர்த்து அதுக்கு மேலே யாரும் எடுக்கலை. மறுக்கவில்லை.

எங்க சிவகாசிக் கணக்கில் சொல்கிறேன். கவாஸ்கர் கம்பி மத்தாப்பு. நின்று நிதானமா எரிவார். 1975 உலகக் கோப்பையில் 174 பந்து ஆடி 36 ரன்! (சிரிப்பு) ஸ்ரீகாந்த் சரவெடி. பற்றினால் தெருவே அதிரும். சில நாள் திரி மட்டும் புகைஞ்சு புஸ்ஸுன்னு போயிரும். (பலத்த சிரிப்பு) எந்த நாள் வெடிக்கும்னு தெரியாததாலேதான் அவர் இறங்கினதும் ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தது.

ஆனால் நடுவர் அவர்களே, ஒரு கேள்வி. அந்த ஆட்டத்தை எங்க ஊரில் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? சிவகாசிக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையில் 500 கிலோமீட்டருக்கு மேலே. அன்றைக்கு எங்க தெருவில் டி.வி. ஏது? பார்த்தது எங்க கண் இல்லை. காது!

அந்தக் காலத்தில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல். உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தீர்ப்புச் சொன்னது 1996-இல். எங்க அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றது அதுக்கெல்லாம் முன்னாடி. அவள் பெட்டி ஒட்டினாள். நான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. குரோஸ் கணக்கில்தான் கூலி. தலை நிமிர்ந்தால் கணக்குக் குறையும்.

1987-இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். ஸ்ரீகாந்த் 123 அடித்த ஆட்டம். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் தமிழிலே வர்ணனை சொன்ன காலம் அது. அக்காவின் கை பசையில், காது சேப்பாக்கத்தில். சாயங்காலம் நான் வந்து பையைக் கழற்றுமுன்னே, “லேய் தம்பி, ஸ்ரீகாந்த் நூறு அடிச்சிட்டாருலே!” என்று ஆரம்பிப்பாள். எந்தப் பக்கம் அடித்தார், யார் விரட்டினார், கூட்டம் எப்படிக் கத்தியது, எல்லாம் சொல்லுவாள். மைதானத்தையே பார்த்திராத எங்க அக்காதான் நான் கேட்ட முதல் வர்ணனையாளர்! (நீண்ட கைதட்டல்)

அவளுக்கு விளையாட நேரமில்லை. பார்க்க வசதியில்லை. அவளுக்கும் ஆட்டத்தில் ஒரு பங்கு கொடுத்தது எது? மட்டையா? இல்லை. ஒரு மனிதக் குரல்!

1992-க்குப் பிறகு ஸ்ரீகாந்த் இந்தியாவுக்காக ஆடவில்லை. என்றாலும் இன்றைக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். எப்படி? மைக்கைப் பிடித்துத் தமிழிலே பேசுகிறார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இங்கிலீஷை மட்டும் வைத்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் திண்ணையில் உட்கார்ந்த பெரியப்பா மாதிரி சிரிக்கிறார், திட்டுகிறார், தன் பழைய ஆட்டத்தையும் கிண்டல் பண்ணுகிறார். முன்னெல்லாம் டி.வி.யில் ஆட்டம் ஓடும்போது, “என்னலே சொல்றான்?” என்று அக்கா என்னைக் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. பதிலுக்கு எனக்கே விளக்கம் சொல்கிறாள்! (சிரிப்பு, கைதட்டல்)

மட்டை இல்லாமல் மைக் வந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன். மட்டை அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பேச்சுத்தான் அவரை நம் வீட்டுக்குள்ளே கூட்டிக்கொண்டு வந்தது. படிக்கப் போகாதவளுக்கும் புரிகிற மாதிரி ஒருவர் பேசினால், அதை விடப் பெரிய சிக்ஸர் ஏது? எனவே, நெஞ்சில் நிற்பது பேச்சாலே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.