பிளவு எங்கிருந்து வருகிறது?



பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் திறமைக்கு மட்டுமே மதிப்பு என்கிறார்கள். 2022 ஏப்ரலில் கூகுளில் நடந்ததைச் சொல்கிறேன். தலித் வரலாற்று மாதத்தையொட்டி அங்கே தேன்மொழி சௌந்தரராஜன் பேசவிருந்தார். ஊழியர்கள் சிலர் எதிர்த்தார்கள்; நிர்வாகம் நிகழ்ச்சியை ரத்து செய்தது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். நிர்வாகம் சொன்ன காரணம்: அந்தப் பேச்சு பிளவை உண்டாக்குகிறதாம்.

"எந்த ஊர்? அப்பா என்ன வேலை? சைவமா?" என்று துருவுகிறவரால் பிளவு வராது; சாதியைப் பற்றிப் பேசினால்தான் வருமாம்! துருவுகிறவரே மேலாளரானால் மதிப்பீடும் பதவி உயர்வும் அவர் கையில்.

சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. நிறுவன விதிகளிலும் 'சாதி' என்ற சொல்லை எழுத வைப்போம். இல்லையென்றால் நம் பிள்ளைகள் எந்த விதியைக் காட்டிப் புகார் கொடுப்பார்கள்?