தீக்குச்சியைக் கிழிக்கும் முன் எண்ணிப் பார்ப்போம்



ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் திங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கின்றன. நிரைகளிலும் வீட்டு முற்றங்களிலும் சருகு குவிகின்றது; வெயிலும் அப்பொழுது கடுமையாகவே இருக்கின்றது. அச்சருகையும் வெட்டிய புதரையும் கூட்டிக் கொளுத்திவிடுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். பாம்பு அடையலாகாது, கொசு பெருகலாகாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆயினும், அவ்வழக்கத்தால் நாம் இழப்பது என்ன என்பதை இன்று சிந்திப்போம்.

முதலாவது, நமது பிழைப்பு. பால்மரத்தின் செல்வம் அதன் பட்டையில்தான் இருக்கின்றது. மரம் முழுவதும் எரிந்து சாம்பலாக வேண்டியதில்லை. சருகுத் தீ அடிமரத்தைச் சிறிது நேரம் சூழ்ந்தாலே பட்டை வெந்துவிடும். வெந்த பட்டையில் பால் சுரவாது. இளங்கன்றுகளோ பட்டுப்போகும். நட்ட கன்று வெட்டுக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஒரு பிற்பகலில் இட்ட தீ, அத்தனை ஆண்டு உழைப்பையும் விழுங்கிவிடக்கூடும்.

இரண்டாவது, நமது உடல்நலம். 1997இல் சரவாக்கிலும், 2005இல் கிள்ளான் துறைமுகம், கோலசிலாங்கூர் வட்டாரங்களிலும், 2013இல் மூவார், லேடாங் வட்டாரங்களிலும் புகைமூட்டத்தின் கடுமையால் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. எல்லை கடந்து வந்த புகையே அதற்குப் பெருங்காரணம் என்பது உண்மை. ஆயினும், ஐ.பி.யு. என வழங்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினாலே காற்று நலக்கேடானது. அந்நாளில் நம் முற்றத்துப் புகையை முதலில் சுவாசிப்போர் நம் குழந்தைகளும் ஆஸ்துமா நோயாளரும் அல்லவா?

மூன்றாவது, சட்டம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்கின்றது. மீறுவோருக்கு அபராதமும் சிறையும் உண்டு. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்தின் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. "யார் கொளுத்தினாரோ, அறியோம்" என்று கூறித் தப்பவும் இயலாது. மறுப்பதற்குச் சான்று காட்டாவிடில், நிலத்தின் உரிமையாளரோ அதனைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரோ குற்றவாளியாகக் கருதப்படுவர்.

விதிவிலக்குகளும் உள்ளன. அவை 2003ஆம் ஆண்டு ஆணையில் நிபந்தனைகளுடன் வரையறுக்கப்பட்டுள்ளன. நம் தேவை அவற்றுள் அடங்குமா என்பதைத் தோட்ட நிர்வாகத்தின் வழியாகச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். புகைமூட்டக் காலத்தில் முழுத் தடை அறிவிக்கப்படும்போது ஈமத் தகனம், சமய வழிபாடு, உணவு வாட்டுதல் ஆகியவை மட்டுமே விலக்குப் பெறுவது வழக்கம். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பது வழிபாடு ஆகாது என்பதையும் நினைவிற்கொள்வோம்.

அவ்வாறாயின் சருகை என்ன செய்வது? வீட்டுக்குச் சற்று எட்டத்தில் குழி வெட்டி, சருகு ஓரடுக்கு, சாணமோ சமையற்கழிவோ ஓரடுக்கு, அதன்மேல் மண் என மாற்றி மாற்றி இடுங்கள். ஈரம் காயாமல் நீர் தெளித்து, அவ்வப்போது கிளறி விடுங்கள். சில மாதங்களில் கீரைப் பாத்திக்கும் வாழைக்கும் நல்ல எரு கிடைக்கும். எரித்தால் எஞ்சுவது பிடி சாம்பல். மட்கினால் கிடைப்பது கூடை எரு.

முறையான அனுமதியுடன் எரிக்க நேர்ந்தாலும் எச்சரிக்கை தேவை. குவியல் சிறியதாக இருக்கட்டும். சுற்றிலும் புல்லையும் சருகையும் செதுக்கி வெறுந்தரை ஆக்குங்கள். காற்று வீசும் நாளில் தீ மூட்டாதீர்கள், பெட்ரோல் ஊற்றாதீர்கள். வாளி நீரும் மண்வெட்டியும் அருகில் இருக்கட்டும். நீரூற்றிக் கிளறி, சாம்பல் குளிரும்வரை அகலாதீர்கள். லாலான் காட்டின் ஓரத்தில் தீ வேண்டவே வேண்டாம். கரிச்சதுப்பு நிலத்திலோ தீ மண்ணுக்கடியிலேயே கனன்று வேறிடத்தில் கிளம்பும்; அங்கு நெருப்பே ஆகாது. தீ கைமீறினால் உடனே 999க்கு அழையுங்கள்.

பெருமக்களே! தோட்டத்தைக் காப்பது காவற்காரரின் வேலை மட்டுமன்று. வேண்டுமா, அனுமதி உண்டா, அணைக்க இயலுமா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்ட பின்னரே தீக்குச்சியைத் தொடுவோம். முதற்கேள்விக்கே "வேண்டாம்" என விடை வருமாயின், அதுவே நம் மரங்களுக்கும் மக்களுக்கும் நலமாகும்.