இரவல் போன உளி

தச்சரிடம் உளியை இரவல் கேட்டால் அவர் முகம் மாறும். அது கஞ்சத்தனம் இல்லை. சாணைக்கல்லில் தீட்டித் தீட்டித் தன் கைக்குப் பழக்கிய உளி அது. வாங்கிப்போனவர் பெயின்ட் டப்பா மூடியை அதனால் நெம்பினால் போதும், வாய் உடைந்துவிடும். மறுபடி தீட்டி எடுக்கிற பாடு தச்சருக்குத்தான் தெரியும்.

இரவல் போய்த் திரும்பியே வராத கருவிகள் எத்தனை! ஆயுத பூஜையன்று சந்தனம் வைக்கத் தேடும்போதுதான் கடப்பாரை யார் வீட்டில் என்ற யோசனையே வருகிறது. போய்க் கேட்கக் கூச்சம். கொடுத்தவர்தான் கடன்காரர் மாதிரி தயங்கி நிற்கிறார். இது என்ன நியாயம்?

இதற்கு ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகத்தோடு கருவிகளையும் இரவல் தருகிறது. திருப்பித் தர வேண்டிய தேதியும் உண்டு. அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாவிட்டாலும், நம் தெருவில் ஒரு நோட்டு போதும். பொருளைக் கொடுக்கும்போதே தேதியை எழுதிவிட்டால், பிறகு திருப்பிக் கேட்கிறவருக்குக் கூச்சமும் இல்லை, திருப்பிக் கொடுக்கிறவருக்கு மனத்தாங்கலும் இல்லை.