சிறு சிகிச்சையும் பெரும் வலியும்



1965-ல் லூப் நமது குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வலி, இரத்தப்போக்கு குறித்துத் தாய்மார்கள் கூறியதைச் செவிமடுக்கத் தவறினோம். சில ஆண்டுகளிலேயே அதன் செல்வாக்கு சரிந்தது.

இன்று பத்தாண்டுகள் பயன்தரும் காப்பர்-டி 380ஏ உள்ளது. ஆயினும் அதைப் பொருத்துகையில், "சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்பதே பல இடங்களில் மருந்து! கருப்பை வாயைக் கருவியால் பற்றும்போதும், குழாய் உட்செல்லும்போதும் வலி எழுகிறது. அவ்வாயைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசியிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால் பலருக்கு அது தணியும். வலி பற்றி முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் கலந்துபேச வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிவுறுத்தியது. இம்மருந்து பயன்படக்கூடும் என்றும் கூறியது.

மருந்தின் விலை அற்பம், நேரமே முட்டுக்கட்டை. முகாமுக்கு அட்டவணை வகுக்கும் அதிகாரிகள் அச்சில நிமிடங்களையும் அதில் சேர்த்திட வேண்டும். "நிறுத்துங்கள்" என்று அப்பெண் சொன்னால், மருத்துவரின் கை உடனே நிற்க வேண்டும்.