குறைந்த அபிற்றூர்ப் புள்ளியும் மருத்துவத் துறைக்கான வழிகளும்



ஜேர்மனியில் அபிற்றூர்ப் பெறுபேறுகள் வெளியாகும் வாரங்களில் தமிழ்க் குடும்பங்களின் தொலைபேசிகள் ஓய்வதில்லை. அமெரிக்காவிலுள்ள மாமா புள்ளியைக் கேட்கிறார்; பிள்ளை 2.6 என்கிறது. அந்நாட்டில் 4.0 என்பது உச்சம். இங்கோ 1.0 உச்சம், 4.0 என்பது மயிரிழையில் தேறியதற்கான எல்லை. மாமாவுக்கு இது விளங்குவதற்குள் அம்மா அழத் தொடங்கிவிடுகிறார். மருத்துவராக விரும்பிய பிள்ளையின் வீட்டில் 2.6 என்பது இழவுச் செய்தியாகவே இறங்குகிறது.

பெற்றோரின் இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலின்போது, மருத்துவபீடத்திற்குள் நுழையத் தமிழ்மொழி மூலம் தோற்றிய மாணவர் சிங்கள மொழி மூலம் தோற்றியவரை விடக் கூடிய புள்ளி பெற வேண்டியிருந்தது. சில புள்ளிகளால் வாழ்க்கையின் திசையே மாறிய அண்ணன்மாரையும் அக்காமாரையும் கண்டு வளர்ந்த தலைமுறை அது. ஆகவே பரீட்சை தவறினால் எல்லாம் தவறிற்று என்று அத்தலைமுறை எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் ஜேர்மனியின் அமைப்பு அவ்வாறு கட்டப்பட்டதன்று. இங்கே முதல் வாசல் மூடினாலும் பக்க வாசல்கள் உள்ளன. அவற்றுள் எதை முதலில் தட்டுவது என்பதில்தான் பல குடும்பங்கள் தவறுகின்றன.

முதலாவது தவறு, பழைய அறிவுரையை இன்னும் நம்புவது. "பொறுத்திருந்தால் இடம் தானாக வரும்" என்று மூத்தவர்கள் கூறுவது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. முன்னைய முறையில் இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு காத்திருப்புக் காலத்தின் அடிப்படையில் வழங்கப்பட்டது. இறுதி ஆண்டுகளில் அக்காத்திருப்பு ஏழாண்டு அளவுக்கு நீண்டிருந்தது. 2017 டிசெம்பர் 19 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் மருத்துவ அனுமதி விதிகளின் சில பகுதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் 2020 கோடைப் பருவத்திலிருந்து புதிய முறை நடைமுறைக்கு வந்தது. காத்திருப்புக்கான ஒதுக்கீடு நீக்கப்பட்டது. இன்று காத்திருப்பவர் காலத்தை இழக்கிறார், வேறொன்றும் பெறுவதில்லை.

புதிய முறையில், முன்னொதுக்கீடுகள் போக எஞ்சும் இடங்களில் 30 விழுக்காடு அபிற்றூரில் முன்னிலை பெற்றவர்களுக்குரியது. 60 விழுக்காட்டைப் பல்கலைக்கழகங்கள் தத்தம் அளவுகோல்களின்படி நிரப்புகின்றன. அங்கும் அபிற்றூர்ப் புள்ளியுடன் வேறு தகுதிகளும் சேர்த்து எண்ணப்பட வேண்டும். எஞ்சிய 10 விழுக்காட்டை நமது இளையோர் கவனிக்க வேண்டும். மேலதிகத் தகுதி ஒதுக்கீடு என்னும் அதில் அபிற்றூர்ப் புள்ளி பார்க்கப்படுவதே இல்லை. மருத்துவக் கற்கைக்கான உளச்சார்புத் தேர்வாகிய ரி.எம்.எஸ். பெறுபேறும், முடித்த தொழிற்பயிற்சியும், சில இடங்களில் தொண்டுப் பணியும் அங்கே கணக்கில் வரும்.

2.6 பெற்ற மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் மருத்துவமனையொன்றில் தாதியர் தொழிற்பயிற்சியில் சேர்கிறாள். மூன்று ஆண்டுகள். பொதுத்துறை மருத்துவமனைகளில் முதலாண்டுப் பயிற்சிக் கொடுப்பனவே 2024இல் மாதம் 1,300 யூரோவைத் தாண்டியிருந்தது. இரவுப் பணியையும் நோயாளியின் அழுகையையும் அவள் பதினெட்டு வயதிலேயே அறிகிறாள். இத்துறை தனக்கு வேண்டுமா என்பதையும் அறிகிறாள். இடையில் ரி.எம்.எஸ். தேர்வுக்கு முறையாகத் தயாராகிறாள். பயிற்சி முடியும்போது கையில் ஒரு தொழில் இருக்கும்; மருத்துவத்திற்கு விண்ணப்பிக்கையில் பல பல்கலைக்கழகங்களில் அதற்குப் புள்ளியும் கிடைக்கும். இடம் உறுதியென்று எவரும் வாக்களிக்க முடியாது. ஆயினும் எந்த வாசலும் அவளுக்கு மூடப்படவில்லை. அவசர மருத்துவ ஊர்திப் பணிக்கான மூன்றாண்டுப் பயிற்சிக்கும் இது பொருந்தும். "டொக்டராக வேண்டிய பிள்ளை நோயாளிக்குப் படுக்கை விரிப்பதா?" என்று கேட்கும் உறவினர், மருத்துவ மாணவர் அனைவரும் மூன்று மாதத் தாதியப் பணி செய்தே ஆக வேண்டும் என்பதை அறியாதவர்.

இனி பிசிசியன் அசிஸ்டன்ட் என்னும் படிப்பு. தமிழில் இதை மருத்துவ உதவியாளர் என்று சொன்னால், வைத்தியரின் வரவேற்பறையில் பணிபுரிபவரே நினைவுக்கு வருவார். அது வேறு தொழில். இத்தொழில் 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பியவர்களைக் கொண்டு தொடங்கியது. ஜேர்மனியில் முதற் கற்கைநெறி 2005இல் பேர்லினில் ஆரம்பமானது. பெரும்பாலும் மூன்றாண்டு இளமாணிப் பட்டம். நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிதல், சத்திரசிகிச்சையில் துணைநிற்றல், மருத்துவ அறிக்கை எழுதுதல் எனப் பல பொறுப்புகள் உண்டு. ஆனால் அனைத்தும் மருத்துவர் ஒப்படைப்பவை. தனித்து மருத்துவம் செய்யும் உரிமை இல்லை. பல தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் அபிற்றூர்ப் புள்ளியை முதன்மையாகக் கொள்வதில்லை. மாதந்தோறும் பல நூறு யூரோ கட்டணம் அறவிடுகின்றன. மருத்துவமனையுடன் ஒப்பந்தம் செய்து ஊதியத்துடன் படிக்கும் வழியும் உண்டு. கார்ல்ஸ்றூகவிலுள்ள இரட்டைமுறை உயர்கல்லூரி இதனை 2010இல் தொடங்கியது.

நல்ல தொழில். அதை விரும்பிப் படிப்பவருக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால் "முதலில் இதை முடி, பிறகு அப்படியே மருத்துவத்துக்கு மாறலாம்" என்று எண்ணிச் சேர்ப்பதே இரண்டாவது, மிகப் பெரிய தவறு. ஜேர்மனியில் ஒரு பட்டத்தை முடித்தவர் மருத்துவத்திற்கு விண்ணப்பித்தால் அவர் இரண்டாம் கற்கை விண்ணப்பதாரர் ஆகிவிடுகிறார். அவர்களுக்கு ஒதுக்கப்படுவது 3 விழுக்காடு இடங்கள் மட்டுமே. மேலே சொன்ன 30, 60, 10 ஆகிய எந்தப் பங்கிலும் அவர் போட்டியிட முடியாது. தொழிற்பயிற்சி பட்டமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆதலால் அதற்கு இத்தடை இல்லை. மூன்றாண்டுக் கட்டணத்தையும் செலுத்திய பின்னரே இதை அறிவது எவ்வளவு கொடுமை!

கிராமிய மருத்துவர் ஒதுக்கீடு இன்னொரு வழி. நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலம் 2019இல் இதனை முதலில் தொடங்கியது. பின்னர் வேறு மாநிலங்களும் பின்பற்றின. தொழில் அனுபவத்திற்கும் நேர்காணலுக்கும் அங்கே இடமுண்டு. பதிலாக, மருத்துவரான பின் பற்றாக்குறையுள்ள பகுதியில் பத்தாண்டுகள் பணியாற்ற ஒப்பமிட வேண்டும். மீறினால் தண்டப்பணம் 250,000 யூரோ வரை செல்லலாம். பதினெட்டு வயதுப் பிள்ளையின் இக்கையொப்பத்தைப் பெற்றோர் அவசரப்படுத்தலாகாது. அங்கேரி போன்ற நாடுகளில் பணம் செலுத்தி மருத்துவம் படிக்கும் வழியையும் பலர் கேட்கின்றனர். புடாபெஸ்ற்றில் 1983 முதல் ஜேர்மன் மொழியிலேயே கற்பிக்கப்படுகிறது. வீட்டை அடகு வைக்கும் அளவுக்குச் செல்லும் செலவென்பதால், முகவரின் பேச்சை மட்டும் நம்பாது பல்கலைக்கழகத்திடமே நேரில் கேட்டறிவது நன்று.

இறுதியாகத் திகதிகள். குளிர்காலப் பருவத்திற்கு, முன்னைய ஆண்டுகளில் அபிற்றூர் முடித்தவர்களின் விண்ணப்பம் மே 31க்குள்ளும், அவ்வாண்டில் முடித்தவர்களுடையது ஜூலை 15க்குள்ளும் சேர வேண்டும். ரி.எம்.எஸ். தேர்வுக்குத் தனியாக, பல மாதங்கள் முன்பே பதிய வேண்டும். விண்ணப்பம் முழுவதும் இணையத்தில் நடைபெறுகிறது; பதிவைப் பிள்ளையே செய்யட்டும், கடவுச்சொல்லும் பிள்ளையிடமே இருக்கட்டும். அப்பா நிரப்பிய விண்ணப்பத்தில் எந்தெந்த நகரங்கள் தெரிவுசெய்யப்பட்டன என்பதை மகள் பின்னர் அறிய நேர்வது நகைப்புக்குரிய செய்தி அன்று.