தோட்டாவின் கழுத்துப் பிடி

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பும் ரீலோடிங் கலையில் கருவி மோகம் இப்போது தலைக்கேறிவிட்டது. குண்டைக் கவ்வும் கழுத்தைச் சுருக்கும் டை, அதற்குள் மாற்றி மாற்றிப் போடும் புஷ்ஷிங், குண்டை அழுத்தும் விசையை எண்ணால் காட்டும் பிரஸ் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். டை தருவது அளவு. பிடியைத் தருவது பித்தளையின் பதம். இந்த உரை முழுவதும் அந்தப் பதத்தைப் பற்றித்தான்.

கம்பம் பள்ளத்தாக்கின் லோயர் கேம்ப்பில், ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். ரைஃபிள் போட்டியைப் பற்றி இளைஞர்கள் பேச்செடுத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கழுத்துல நீலம் ஓடியிருக்கான்னு பாத்தியாப்பா?" என்பதுதான். ராணுவத் தோட்டாவின் கழுத்தில் தெரியும் நீலமும் பழுப்பும் கலந்த வளையத்தை அவர் சொல்கிறார். கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்கிய தடயம் அது. விற்பனைத் தோட்டாக்கள் பலவற்றில் பளபளப்புக்காக அதைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள்; ராணுவத் தோட்டாவில் விட்டுவைக்கிறார்கள்.

தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது கழுத்து விரிகிறது, டை அதைச் சுருக்குகிறது. விரிந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் இறுகுகிறது. ஐந்து முறை சுட்ட கூடும் ஒரே முறை சுட்ட கூடும் ஒரே டையில் போய் வந்தாலும் ஒரே கழுத்தோடு வெளிவருவதில்லை. இறுகியது கூடுதலாகத் துள்ளி விரியும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 0.308 அங்குலக் குண்டுக்குக் கழுத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பதில் மூன்று பங்கு குறுக்கினால் மூன்று மடங்கு பிடி கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். கிடைக்காது. அந்த அளவுக் கழுத்தில் பித்தளை நீண்டு திரும்பக்கூடிய எல்லை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதைத் தாண்டினால் குண்டே கழுத்தை நிரந்தரமாக விரித்துவிடும். அப்புறம் குண்டை எவ்வளவு இறுகப் பிடிப்பது என்பதைத் தீர்மானிப்பது கழுத்துச் சுவரின் கனமும் பித்தளையின் பதமும். மறுபடியும் பதம்தான்! 300 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். பிடி தோட்டாவுக்குத் தோட்டா மாறினால் குண்டின் வேகம் மாறும். வேகம் மாறினால் குண்டு மேலும் கீழுமாகப் போய் விழும்.

பாத்திரம் அடிக்கும் கன்னாருக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி. அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும், நெருப்பில் காட்டினால் இளகும். தோட்டாவில் ஒரே கண்டிப்பு, சூடு கழுத்தோடும் அதற்குக் கீழே சரியும் தோளோடும் நிற்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பகுதி இளகிவிட்டால் அந்தக் கூடு சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

கழுத்தின் கதையில் இந்தியாவுக்கே ஒரு முக்கிய அத்தியாயம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைக்கும். வெயில் திரும்பியதும் எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களில் விரிசல். அதிலும் குறிப்பாக, குண்டைக் கவ்வி நெரித்த கழுத்துப் பகுதியில். யாரும் சுடவில்லை, தட்டவில்லை. சும்மா இருந்த பித்தளை பிளந்திருந்தது. 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், குளிர்நிலையில் இழுத்துச் செய்த உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. உள்ளே தங்கிய இறுக்கத்தைச் சூடேற்றித் தணிப்பதுதான் அதற்கு மருந்து. ஆர்மரர் தேடும் நீல வளையத்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. குண்டை ஒரே சீராகப் பிடிக்கவைக்கும் சூடே கழுத்தைப் பிளவிலிருந்தும் காக்கிறது.

இன்னொரு மோகம், எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டிக் கூட்டைக் கண்ணாடியாக்குவது. கழுத்தின் உட்புறத்தில் படிந்த மெல்லிய கரி, குண்டு வழுக்கி இறங்க உதவுகிறது. அதையும் சுரண்டிவிட்டால் வெறும் பித்தளை குண்டைப் பற்றி இழுக்கும். ஒன்று இறுகும், ஒன்று நழுவும். பளபளப்பு பார்வைக்கு மட்டும்தான். நைலான் பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யாரும் ரீலோடிங்கை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். தென்மேற்குப் பருவமழை மலையேறி வருவதற்கு முன்னால், தோட்டாப் பெட்டியை, அதே அம்மோனியா எழக்கூடிய மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையிலிருந்தும் உர மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்தும் எடுத்து, ஈரமில்லாத இடத்தில் பூட்டி வையுங்கள். கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தத் தோட்டாவைத் துப்பாக்கியில் போடாதீர்கள்.